பேர் சொன்னால் ஐந்து மார்க் குறைவு

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், என் பழைய கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். இந்த வருடப் பாதுகாப்பு வாரத்தில் பாட்டுப் போட்டிக்கு நான் நடுவராக வர வேண்டுமாம். "அந்தக் காலத்துப் பாட்டுன்னு ஒரு ரவுண்டு வச்சிருக்கோம் சார்" என்றாள் அந்தப் பெண். எனக்கு வாயெல்லாம் பல். ஹார்மோனியம் வைத்துப் பாடிய காலத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்து, எந்தெந்தப் பாட்டு என்று கேட்டேன். "ராப் சார்" என்றாள். "எங்க சித்தப்பா எல்லாம் அதத்தான் கேட்டுக்கினு இருந்தாங்க. இப்ப யாரும் அவ்ளோவா பாடறதில்ல. அதான், மறந்துடக் கூடாதுன்னு."

ராப் பழைய பாட்டாகிவிட்டது. அது பிறந்ததையும் நான் பார்த்தேன், கொடி கட்டிப் பறந்ததையும் பார்த்தேன். ஆரம்பத்தில் எனக்கு அதைக் கண்டாலே ஆகாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் சேரப்பணஞ்சேரிப் பக்கம் எங்கள் மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடி வளர்ந்தவன். ராகம் இல்லாத பாட்டு எனக்கு உப்பில்லாத கஞ்சி.

என் பெயர் ஆரோக்கியதாஸ். கம்பெனியில் தாஸ் சார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, அம்பத்தூரில் இரண்டு பட்டறைகளில் கை தேய்ந்து, ஒரகடத்தில் கம்பெனிகள் முளைக்கத் தொடங்கியபோது வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை என்று ஓடி வந்தவன். கார் கதவுக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தகடுகளை பிரஸ்ஸில் அடித்துக் கொடுக்கும் கம்பெனி அது. சில வருடம் மெயின்டனன்ஸில் இருந்தேன். பிறகு பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள், ஓய்வு பெறும் வரை அங்கேதான். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரையும் போலத் திட்டு வாங்கினேன், எல்லோரையும் போலத் தேறினேன்.

எங்கள் பாதுகாப்புப் பிரிவு மேலாளர் வரதராஜன் சார், திருநெல்வேலிக்காரர். மிஷின் ஓடும் இடத்தில் நடக்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் நடப்பார். ஏன் என்று கேட்டதற்கு, "கை பின்னால கெடந்தா பத்து விரலும் பத்திரமா வீட்டுக்கு வந்துரும், தாஸ்" என்றார். குரலை உயர்த்த மாட்டார். யாராவது தப்புச் செய்தால் தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் கிண்ணம் மாதிரி மல்லாத்தி வைத்து, சாவி, பேனா, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அதற்குள் போட்டுவிட்டு, "ம், சொல்லுங்க" என்பார். அந்த நிதானத்துக்கு அவர் நான்கு அறை விட்டிருக்கலாம்.

மார்ச் முதல் வாரம் பாதுகாப்பு வாரம். வாசகம், ஓவியம், பாட்டு என்று போட்டிகள் நடக்கும், ஜெயித்தவருக்குக் கப்பு. பாட்டுப் போட்டியின் விதிகளை எழுதியவன் நான். பாட்டை எழுதி மூன்று நாள் முன்னால் கொடுக்க வேண்டும். நான் பென்சிலோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பேன். சாதி, மதம், கட்சி கூடாது. மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் மணி அடிப்பேன். மேடையில் கம்பெனி ஆள் யாருடைய பெயரையும் சொல்லக் கூடாது. சொன்னால் ஐந்து மார்க் குறைவு. இந்தக் கடைசி விதி எப்படி வந்தது என்றால், ஒருமுறை ஒருவர் சூப்பர்வைசரைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்து, அது கேன்டீனில் கைகலப்பில் போய் முடிந்தது.

ஆரம்ப வருடங்களில் எல்லோரும் சினிமா மெட்டில் வார்த்தையை மாற்றிப் பாடுவார்கள், இல்லாவிட்டால் கானா. முதல் ராப் எங்கள் மேடைக்கு மெமரி கார்டு வழியாக வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மலேசியாவில் தமிழ்ப் பையன்கள் பாடியதை யாரோ ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கடையில் ஏற்றிக்கொண்டு வர, அது கம்பெனி பஸ் முழுக்கப் பரவியிருந்தது. மதுரைப் பக்கத்து டிப்ளமா பையன்கள் இரண்டு பேர் மேடை ஏறினார்கள். ஒருவன் வாயாலேயே தாளம் போட்டான். இன்னொருவன் அவனைப் பார்த்து விரலை நீட்டி நீட்டி ஏதோ படபடவென்று பேசினான். மேடையிலேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள் என்று பயந்து நான் மணி அடித்துவிட்டேன். "பாட்டு சார்" என்று பாவமாகச் சொன்னார்கள். இன்றைக்கும் என் மனைவி, நான் கோபமாக எதையாவது சொல்ல ஆரம்பித்தால், "மணி அடிக்கட்டா?" என்பாள்.

அதற்குப் பிறகு ராப் வெள்ளமாக வந்தது. தமிழ், மண், மீசை என்று கொஞ்ச காலம் பாடினார்கள். அப்புறம் வந்த பையன்கள் தங்கள் தெருவைப் பாடினார்கள், தங்கள் அப்பாவைப் பாடினார்கள், கேட்டில் அடையாள அட்டை இல்லாமல் நிறுத்தி வைக்கப்பட்டதைப் பாடினார்கள். அதில் சிலவற்றைப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் படித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பென்னலூர் ஒரு அணி, சேரப்பணஞ்சேரி ஒரு அணி. தென் மாவட்டத்துப் பையன்கள் அவர்கள் பேச்சில், நம் ஊர்ப் பையன்கள் நம் பேச்சில். ஒரு வருடம் வந்த பதினொரு பாட்டில் ஒன்பது ராப். மீதி இரண்டில் ஒன்று நான் கெஞ்சி வாங்கியது.

அந்த உச்சத்தில்தான் பையன்கள் புதிதாக ஒன்று கேட்டார்கள். பேப்பரே இல்லாத ஒரு சுற்று. தலைக்கவசத்துக்குள் தலைப்புச் சீட்டுகளைப் போட்டுவிட வேண்டும். எடுத்த தலைப்பில் அந்த இடத்திலேயே ஒரு நிமிடம் கட்டிப் பாட வேண்டும். ராப்பில் அதுதான் உண்மையான பரீட்சையாம். நான் முடியாது என்றேன். பேப்பர் இல்லாவிட்டால் நான் எதைப் படித்துப் பார்ப்பது? வரதராஜன் சார் சிரித்தார். "பாடட்டும் தாஸ். பேப்பர்லதான் வருஷம் பூரா பேசுதோமே" என்றார். தலைப்புச் சீட்டுகளை என்னையே எழுதச் சொன்னார். கையுறை, காதடைப்பான், ஃபோர்க்லிஃப்ட், மஞ்சள் கார்டு என்று எழுதி மடித்துப் போட்டேன்.

மஞ்சள் கார்டு என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். விபத்து நடக்கவில்லை, ஆனால் நடக்கப் பார்த்தது, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றால், பார்த்தவர் அதை மஞ்சள் கார்டில் எழுதி கேன்டீன் வாசல் பெட்டியில் போட வேண்டும். திங்கள்கிழமை நான் பெட்டியைத் திறப்பேன். அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து, சரி செய்ய வைத்து, கார்டில் என்ன செய்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு 'மூடப்பட்டது' என்று முடிக்க வேண்டும். கார்டு இரண்டு பாதியாகக் கிழியும். கீழ்ப் பாதி என் ஃபைலில். மேல் பாதி, பதிலோடு எழுதியவருக்கே திரும்பிப் போகும்.

ஆளுக்கு மாதம் ஒரு கார்டு கட்டாயம் என்று யாரோ மேலிடத்தில் முடிவு செய்த பிறகு, பெட்டி குப்பையால் நிறைந்தது. தரையில் தண்ணீர், கேன்டீன் பெஞ்சில் ஆணி, கழிவறைத் தாழ்ப்பாள். ஐம்பது கார்டில் ஒன்று தேறாது. அந்த வருட ஜனவரியில், வாடிக்கையாளர் தணிக்கைக்கு ஆட்கள் வர இரண்டு நாள் இருக்கும்போது, மூடாத கார்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று உற்பத்தித் தலைவர் போனில் நெருக்கினார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கட்டாக எடுத்து வைத்துக்கொண்டு, 'ஆபரேட்டருக்கு அறிவுரை கூறப்பட்டது. மூடப்பட்டது' என்று வரிசையாக எழுதி, கோழி கிறுக்கியது மாதிரி ஒரு கையெழுத்தும் போட்டுத் தள்ளினேன். ஒருவருக்கும் ஒரு அறிவுரையும் சொல்லவில்லை.

அமுதா அந்தக் கட்டில் ஒரு கார்டு எழுதியிருந்தாள். பென்னலூர்ப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், பிரஸ் ஆபரேட்டர், காண்ட்ராக்ட். எங்கள் பிரஸ்ஸில் இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்க முடியாது என்பதுதான் கணக்கு. எண்ணிக்கை வேகமாக வர வேண்டும் என்று யாரோ இடது பட்டனில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி, அது எப்போதும் அழுத்தியே இருக்கும்படி செய்திருந்தார்கள். வலது கையால் அழுத்தினாலே அச்சு இறங்கும். ஒருநாள் அவளுடைய இடது கையுறையின் நுனி அச்சில் மாட்டிக் கிழிந்திருக்கிறது. விரல் தப்பியது. அதைத்தான் எழுதியிருந்தாள். நான் அதற்கும் அறிவுரை கூறி மூடிவிட்டேன்.

போட்டி அன்று காலை பத்து மணிக்குப் பந்தலில் எல்லோரும் கூடியிருந்தோம். முன் வரிசையில் பெரிய அதிகாரிகளும் வெளியிலிருந்து வந்த விருந்தினர்களும். எங்கள் மேடையில் ராப் பாட ஏறிய முதல் பெண் அமுதாதான். தலைக்கவசத்துக்குள் கை விட்டு ஒரு சீட்டை எடுத்தாள். பிரித்துப் படித்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. மைக்கில் தலைப்பைச் சொன்னாள். மஞ்சள் கார்டு. பின்னால் ஒருவன் டிரம்மைத் தட்ட, ஆரம்பித்தாள்:

மஞ்ச கார்டு எழுதிப் போட்டேன், மாசம் ரெண்டாச்சு
மூடியாச்சுன்னு பதிலு வந்துச்சு, ரப்பர் இன்னா ஆச்சு?
ரெண்டு பட்டன் ரெண்டு கையி, அதான இங்க ரூலு
ஒத்த பட்டன் வாயில ரப்பர், ஒறங்குது நீ கேளு
பத்து வெரலு எனக்கு சாரு, பத்தும் எனக்கு வேணும்
ஒம்போதாகிப் போன பின்ன ஒங்க கப்பு எதுக்கு வேணும்?

கூட்டம் எழுப்பிய சத்தத்தில் பந்தல் ஆடியது. நான் மணியைக் கையில் பிடித்துக்கொண்டே அடிக்க மறந்து நின்றேன். ராகம் இல்லாத பாட்டு எதற்கு என்று அத்தனை வருடம் கேட்டவனுக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது. ராகம் இருந்திருந்தால் நான் ராகத்தைக் கேட்டிருப்பேன். இப்போது சொன்னதைக் கேட்க வேண்டியதாயிற்று.

மதியத்துக்குள் காரியங்கள் வேகமாக நடந்தன. பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஆள் போய்ப் பார்ப்பதற்கு முன்பே ரப்பரை எடுத்துவிட்டிருந்தார்கள். உற்பத்தித் தலைவர், அந்தப் பெண் விருந்தினர் முன்னால் கம்பெனியைப் பற்றிப் பொய் சொன்னாள், நாளை முதல் வர வேண்டாம் என்று காண்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டார். அப்படி ஒரு கார்டு வந்ததா என்று வரதராஜன் சார் என்னிடம் கேட்டார். ஃபைலைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மேடையில் அவள் ரப்பர் என்றபோதே எனக்குக் கார்டு ஞாபகம் வந்துவிட்டது. ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். பயந்தேன். அதைவிட வேறு காரணம் சொன்னால் அது பொய்.

காண்ட்ராக்ட் ஆள் யார் வேலையை விட்டு நின்றாலும் தலைக்கவசம், ஷூ, கையுறை எல்லாவற்றையும் பாதுகாப்புப் பிரிவில் ஒப்படைத்து, என் கையெழுத்து வாங்கித்தான் வெளியே போக முடியும். மூன்று மணிக்கு அமுதா என் மேசைக்கு வந்தாள். ஷூவைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். நான் தலை நிமிராமல் பட்டியலில் டிக் அடித்தேன். கடைசியில் பையிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்துத் தலைக்கவசத்துக்குள் போட்டாள். கார்டின் மேல் பாதி. அதில் என் கிறுக்கல் கையெழுத்து.

"இதுவும் உங்க டிபார்ட்மெண்ட்டுதான் சார். ஒப்படைச்சுட்டேன்னு எழுதிக்கங்க" என்றாள்.

இதை ஏன் உற்பத்தித் தலைவரிடம் காட்டவில்லை, ஏன் மேடையில் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பேரு சொல்லக் கூடாதுன்னு ரூலு போட்டதே நீங்கதான சார்? அஞ்சு மார்க் போயிடும்ல." ஷூவின் கயிற்றை உள்ளே தள்ளிவிட்டாள். "அதுவும் இல்லாம, நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

நான் அந்தத் தலைக்கவசத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வரதராஜன் சார் அறைக்குப் போனேன். ஃபைலிலிருந்த கீழ்ப் பாதியையும் எடுத்துக்கொண்டு இரண்டையும் அவர் முன்னால் சேர்த்து வைத்தேன். மூடியது நான், போய்ப் பார்க்கவில்லை என்றேன். அவர் வழக்கம்போலத் தன் தலைக்கவசத்தைக் கழற்றினார். சாவி உள்ளே போயிற்று. பேனா போயிற்று. கண்ணாடியைப் போடப் போனவர் நிறுத்தி, மறுபடி மாட்டிக்கொண்டு, தலைக்கவசத்தையும் மாட்டிக்கொண்டார். "வாங்க" என்றார். உற்பத்தித் தலைவரையும் அழைத்துக்கொண்டார்.

அமுதாவின் பிரஸ்ஸில் ஒன்றும் இல்லை. பட்டனைச் சுற்றிக் கறுப்பாக ரப்பர் தேய்ந்த தடம் மட்டும் இருந்தது. வரதராஜன் சார் கைகளைப் பின்னால் கோத்தபடியே அடுத்த பிரஸ்ஸுக்கு நடந்தார், அதற்கடுத்ததற்கும் நடந்தார். நான்காவது பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னார். அத்தனை வருடத்தில் முதல் முறையாக அவருடைய வலது கை முன்னால் வந்தது. இரண்டு விரலால் அதன் இடது பட்டனிலிருந்து ஒரு ரப்பர் துண்டைப் பிடுங்கி, உற்பத்தித் தலைவரின் உள்ளங்கையில் வைத்தார். அவசரத்தில் ஒன்றை மட்டும் எடுத்தவர்கள் மற்றதை மறந்துவிட்டார்கள்.

அமுதா மறுநாள் வேலைக்கு வந்தாள். பிரஸ் எல்லாவற்றிலும் பட்டனை மாற்றினார்கள். நான் ஜனவரியில் மூடிய அத்தனை கார்டையும் வரதராஜன் சார் மறுபடி திறக்கச் சொன்னார், ஒவ்வொரு இடமாக நடந்து போய்ப் பார்த்தேன். ஆனால் அறிக்கையில் அவர் என் பெயரை எழுதவில்லை. 'பாதுகாப்புப் பிரிவின் தவறு' என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார். நான் தயங்கி நின்றேன். "பிரிவுன்னா அதுல நானும் உண்டுல்லா, தாஸ்" என்றார். கேன்டீனில் அன்றிலிருந்து, கார்டை மூடியது வரதராஜன் சார்தான் என்று பேச்சு. அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. என் காதில் எத்தனையோ முறை விழுந்தது. ஒருமுறைகூட நான் திருத்தவில்லை.

ராப்பின் கதையையும் முடித்துவிடுகிறேன். அடுத்த வருடம், நேரம் போதவில்லை என்று சொல்லிப் பேப்பர் இல்லாத சுற்றை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் கம்பெனியே காசு கொடுத்து 'பாதுகாப்பு ராப்' ஒன்று செய்து, கேன்டீன் டி.வி.யில் மூன்று வேளையும் போட்டது. ஒரு மேலாளர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆடினார். பொங்கலே ஆனாலும் தினம் மூன்று வேளை தின்ன முடியுமா? பையன்கள் மெல்ல விலகினார்கள். பிறகு ரீல்ஸ் வந்தது, ஒரு பாட்டில் பதினைந்து நொடி போதும் என்றானது. கானா திரும்பி வந்தது. இப்போது போனிடம் தலைப்பைச் சொன்னால் அதுவே பாட்டெழுதிப் பாடியும் கொடுக்கிறதாம். நான் முன்பு பென்சிலால் அடித்த வரிகளில் ஒன்றுகூட அதில் இருக்காது என்று நினைக்கிறேன்.

வாசலில் நின்ற அந்த இரண்டு பேரிடம், வருகிறேன், ஆனால் பேப்பர் இல்லாத சுற்று வேண்டும் என்றேன். சரி என்றார்கள்.

மார்ச்சில் போனேன். அதே பந்தல், அதே டிரம். அமுதா இப்போது நிரந்தர ஊழியர், பிரஸ் பிரிவில் லைன் லீடர். மூன்றாவது வரிசையில் தன் ஆட்களோடு உட்கார்ந்திருந்தாள். பாட்டுகள் முடிந்து பேப்பர் இல்லாத சுற்று வந்தது. தலைக்கவசத்தை மேடையில் வைத்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அமுதாவை எழுப்பப் பார்த்தார்கள், அவள் மறுத்துவிட்டாள். அப்போது எனக்குப் பின்னால் ஒரு குரல் இன்னொருவனிடம் அந்தப் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. "வரதராஜன்னு ஒரு மேனேஜர்டா, அவருதான் கார்ட மூடி வச்சுட்டாராம்."

நான் எழுந்து மேடைக்குப் போனேன். முழங்கால் வலியில் படி ஏற ஒருவர் கை கொடுத்தார். சீட்டு எதையும் எடுக்கவில்லை. டிரம் பையனிடம் மெதுவாகத் தட்டு என்றேன். கோயில் பாட்டுக்குழுக் குரலில், வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக ராப் பாடினேன்:

மஞ்ச கார்டு வந்தது என் மேசைக்குத்தான் நேரா
போய்ப் பாக்காம மூடிப்புட்டேன் பொழப்பப் பாரு ஜோரா
வரதராஜன் சார் மூடலப்பா, வாய்க்கு வந்தது பேசாத
மூடினவன் பேரு ஆரோக்கியதாஸ், அந்தப் பொண்ணு சொல்லல, நான் சொல்றேன்

கடைசி வரிக்கு எதுவும் இயைந்து வரவில்லை. தாளமும் தப்பிவிட்டது. கைதட்டல் இல்லை. மூன்றாவது வரிசையில் அமுதா எழுந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பேசினாள், ஆனால் குரல் கணீரென்று இருந்தது.

"சார், பேரு சொன்னா அஞ்சு மார்க் கொறைவு."

பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். நடுவர் நாற்காலிக்குத் திரும்பி வந்து, மதிப்பெண் தாளில் கடைசியாக என் பெயரைச் சேர்த்து, அதற்கு நேராக ஐந்தைக் கழித்தேன். கீழே, கிறுக்காமல், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.